டேப்பக்கா வீட்டுக்கு வராத சிலுவை

“சட்டை தைக்கணும்னா ஒரே வீட்டுல இருந்து மூணு பசங்க வரிசையா வந்து நிக்கறாங்க. சாமியாராப் போக ஒரு பையனைக் குடுங்கன்னு கேட்டா மட்டும், எல்லார் வீட்டுலயும் இருக்கறது ஒண்ணே ஒண்ணுதானாம்.”

என் பெரியம்மாவின் இந்தப் புலம்பலைக் கேட்காமல் எங்கள் பங்குக் கோயிலில் யாரும் வளர்ந்ததில்லை. காலையில் மெஷினுக்கு எண்ணெய் விடும்போது சொல்வாள். மதியம் காலர் திருப்பும்போது சொல்வாள். கோயில் படியில் ஒரு தடவை, கீழே பேக்கரியில் ரொட்டி வாங்கும்போது ஒரு தடவை. பாதி நேரம் வாயில் நாலு குண்டூசி இருக்கும். அதனால் உதடு பிரியாமல் மூக்கு வழியாகத்தான் வரும் அந்தக் குரல். அது எனக்குப் பிடிபட ஒரு மாதம் ஆனது. குண்டூசிக்குப் பதில் தீக்குச்சி கடித்துப் பழகினேன். ஒரு நாள் வாசலில் நின்று அந்தக் குரலில் புலம்பியதும், என் அம்மாவே உள்ளேயிருந்து “வாக்கா, உக்காரு, டீ போடறேன்” என்று ஏமாந்தாள்.

பெரியம்மாவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவள் டேப்பக்கா. பள்ளிச் சீருடை தைப்பது அவள் தொழில். அளவு நாடா எந்நேரமும் கழுத்தில் தொங்கும், திருப்பலிக்குக்கூட அதோடுதான் வருவாள். ஒரு ஞாயிறு கோயில் வாசலில் ஃபாதர், “என்னம்மா, என் அளவு எடுக்கவா வந்தே?” என்று கேட்டார்.

“உங்க அளவு எனக்குத் தெரியும் ஃபாதர். உங்களுக்கு அடுத்து வரப்போறவரு அளவுதான் கிடைக்க மாட்டேங்குது.”

ஃபாதர் சிரித்துக்கொண்டே முட்டியைத் தடவிக்கொண்டார். அப்போதே அவருக்குப் படி ஏறுவது கஷ்டம்.

பேக்கரிக்கு மேலே முதல் மாடியில் பெரியம்மா வீடு, அதன் முன்னறைதான் தையல் அறை. இரண்டு மெஷின். வெட்டும் மேசை ஒரு பழைய கதவு, தாழ்ப்பாள் போட்ட ஓட்டைகள் அதில் அப்படியே இருக்கும். சாக்குக்கட்டி அந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்துகொண்டே இருக்கும், பெரியம்மா குனிந்து எடுத்துக்கொண்டே இருப்பாள். இடுப்பு வலிக்குது என்பாள், ஓட்டையை மட்டும் அடைக்க மாட்டாள்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய ஆறு வாரம் மாடிப்படியில் பையன்கள் வரிசை.

“நிமிரு. மூச்சை விடு. வயித்தை உள்ள இழுக்காதே, சாப்பிட்டது எனக்குத் தெரியாதா?” டேப்பைத் தோளின் குறுக்கே வைத்து விரலால் ஓட்டுவாள். “பதினாலே முக்கால். நல்ல தோள்டா இது. அங்கி போட்டா தொங்காம நிக்கும். போறியா?”

“எங்க ஆன்ட்டி?”

“குருமடத்துக்கு. படிச்சு சாமியாரா வர்றதுக்கு.”

பையன் அம்மாவைப் பார்ப்பான். அம்மா அவசரமாக, “எனக்கு இருக்கறது ஒண்ணுதான்கா” என்பாள்.

“அப்ப படியில நிக்கற ரெண்டும் யாருது? மூக்கு உன் மூக்கா இருக்கே, கடன் குடுத்தியா?”

இரண்டு மூன்று வருஷத்தில் தாய்மார்கள் உஷாராகிவிட்டார்கள். பையனை அனுப்பாமல் பழைய சட்டையை அனுப்பினார்கள். “பையனுக்குக் காய்ச்சல்கா, இதுக்கு ஒரு அங்குலம் கூட்டித் தச்சிடுங்க.” பெரியம்மா சட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். “சரி, சட்டைகிட்டயாவது கேட்டுப் பாக்கறேன்.”

வளர்கிற பிள்ளைகளுக்குத் தைப்பதால் அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பக்கத் தையலில் அரை அங்குலம், கால் மடிப்பில் இரண்டு அங்குலம் துணியை உள்ளே விட்டுத் தைப்பாள். அடுத்த வருஷம் பிரித்து விட்டுக்கொள்ளலாம். அவள் தைத்த உடுப்பு எதையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்தால், இன்னும் வராத வருஷத்துக்கான துணி அங்கே மடிந்திருக்கும்.

இதையெல்லாம் வேடிக்கையாக மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது பெரிய அநியாயம். அந்த அநியாயத்தை நான் ஏற்கனவே ஒரு தடவை செய்தாகிவிட்டது.

என் அம்மாவுக்கும் அவளுக்கும் அப்பா, அதாவது என் தாத்தா, ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சுக்குப் போராடியபோது, ஃபாதர் வரணும் என்று கேட்டார். எங்கள் ஃபாதருக்கு நாலு கோயில். அவர் வந்து சேர்வதற்குள் தாத்தா போய் நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. பெரியம்மா அவரைக் கேட்பதற்கு நாக்கைத் தீட்டி வைத்திருந்தாள். ஃபாதர் கட்டிலருகே நின்று செபம் சொல்லி முடித்தார். வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். தண்ணீரோடு அவள் திரும்பி வந்தபோது, ஒரு ஷூவின் கயிறு அவிழ்ந்து தரையில் கிடக்க, மனிதர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தார். காலையிலிருந்து இரண்டு அடக்கம், ஒரு திருமணம்.

“திட்டறதுக்கு வாயைத் திறந்தேன்,” என்பாள் பெரியம்மா. “அவரு வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கறாரு. நாலு ஆள் வேலையை ஒத்த ஆள் பாத்தா வேற என்ன பண்ணுவாரு? அப்பாவுக்கு நடந்தது இன்னொருத்தர் அப்பாவுக்கு நடக்கக்கூடாதுன்னு டம்ளரோட நின்னேன்.”

அடுத்த வாரமே சிலுவை கிளம்பியது.

ஒரு சாண் மரச்சிலுவை, ஒரு பிஸ்கட் டப்பா, டப்பாவுக்குள் சீருடை வெட்டியதில் மிஞ்சிய நீலத் துணி. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு குடும்பம் அதை வீட்டுக்கு எடுத்துப் போகும். ஏழு நாள் சாயங்காலமும் அதன் முன்னால் உட்கார்ந்து, எங்கள் நடுவிலிருந்து குருக்களைத் தாரும் என்று குடும்பமாகச் செபம் சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு அடுத்த வீடு. யார் வீடு, எந்த வாரம், திரும்ப வந்ததா என்று எழுதி வைக்கும் நோட்டு பெரியம்மாவிடம்.

இதோடு அவளாகவே ஒரு சட்டமும் போட்டாள். ஏழாம் நாள் அப்பாவோ அம்மாவோ வீட்டுப் பிள்ளை ஒவ்வொருவரையும் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும்: கடவுள் உன்னைக் கூப்பிடற மாதிரி ஏதாவது தோணுதா?

“சும்மா கொண்டு போய் அலமாரியில வச்சுட்டு, ஏழாம் நாள் தூசி தட்டிக் கொண்டு வராதீங்க,” என்று எல்லாரிடமும் சொல்வாள். “கேளுங்க. கேக்காம எந்தப் பிள்ளையும் தானா சொல்லாது.”

எங்கள் வீட்டில் ஏழாம் நாள் அம்மா என் தம்பியைக் கேட்டாள். “கடவுள் கூப்பிடற மாதிரி ஏதாவது தோணுதாடா?”

“பசிக்கற மாதிரி தோணுதும்மா.”

பதினோரு வருஷம் சிலுவை சுற்றியது. ஒரு பெண் கன்னியர் மடத்துக்குப் போனாள். ஒரு பையன் குருமடத்துக்குப் போய், வீட்டு ஞாபகம் தாங்காமல் நாற்பதாம் நாள் பெட்டியோடு திரும்பிவிட்டான். பெரியம்மா அவனைத் திட்டவில்லை. பெட்டியைத் தானே வாங்கிப் படியில் தூக்கிக்கொண்டு போனாள் என்று அவன் அம்மா இன்றைக்கும் சொல்வாள்.

பெரியம்மாவுக்கு ஒரே மகன். எனக்கு அண்ணன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். அம்மா நாள் முழுக்க மூச்சை விடச் சொல்வாள், மகன் நாள் முழுக்க மூச்சைப் பிடிக்கச் சொல்வான் என்று நான் கேலி செய்வேன். அவன் சிரிப்பான், பதில் சொல்ல மாட்டான். பெரியப்பா லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். அவரும் பேச மாட்டார். அந்த வீட்டின் மொத்தப் பேச்சையும் பெரியம்மாதான் குத்தகைக்கு எடுத்திருந்தாள்.

எனக்குப் பின்னால் தெரிந்த ஒன்றை உங்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நான் செய்தது என்ன என்று உங்களுக்குப் புரியும். அண்ணனுக்குச் சாமியாராகப் போக வேண்டும் என்று ஆசை. ஃபாதருக்கு மட்டும் தெரியும். ஃபாதர் கடிதம் எழுதித் தரத் தயார், குருமடத்தில் சேர்த்துக்கொள்ளத் தயார். வீட்டில் சொல்வதுதான் பாக்கி. சிலுவை தன் வீட்டுக்கு வரும் வாரம், ஏழாம் நாள் அம்மா கேட்கும்போது சொல்லிவிடலாம் என்று அவன் நாலு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தான்.

சிலுவை வரவில்லை.

அந்த வருஷம் நோட்டு கிழிந்துவிட்டது. என் கையெழுத்து அழகு என்று பெரியம்மா புது நோட்டையும் பழையதையும் என்னிடம் கொடுத்து, பெயர்த்து எழுதச் சொன்னாள். அறுபத்தொரு வீடு. பேக்கரி வீடு, அடுத்து தண்ணீர்த் தொட்டி வீடு, அடுத்து மருந்துக்கடை மாடி. எழுதிக்கொண்டே போனவள் நின்றேன். பேக்கரிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் ஒரு மாடிப்படி இருக்கிறது. அதன் மேலே பெரியம்மா வீடு இருக்கிறது. நோட்டில் இல்லை. முதல் சுற்றில் பார்த்தேன், இல்லை. கடைசிச் சுற்று வரை எதிலுமே இல்லை. பதினோரு வருஷமாகச் சிலுவை அந்தப் படியைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறது.

எனக்குக் கவலை வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. இவ்வளவு நாள் அவள் குரலை மட்டும்தான் எடுத்துக்கொண்டிருந்தேன், இப்போது அதில் வைக்க ஒரு விஷயம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

ஃபாதருக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து, ஓய்வு இல்லத்துக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அவர் இடத்துக்கு ஆள் இல்லை. இனி மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் பக்கத்துப் பங்கிலிருந்து யாராவது வருவார்கள். அவர் கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது கோயில் ஹாலில் வழியனுப்புக் கூட்டம். என்னைக் குரல் எடுத்துக் காட்டச் சொன்னார்கள்.

ஃபாதர் மாதிரி பிரசங்கத்தில் கண்ணாடியைத் தேடிக் காட்டினேன். கண்ணாடி நெற்றியில் இருக்கும். பாட்டு மாஸ்டர் மாதிரி சுதி பிடிக்க மூன்று தடவை இருமினேன். ஹால் குலுங்கியது. அப்புறம் கழுத்தில் ஒரு ரிப்பனைப் போட்டு, வாயில் நாலு தீக்குச்சியைக் கடித்தேன். நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே கைதட்டல்.

“அலோ, பேக்கரி வீடா? இந்த வாரம் சிலுவை உங்களுக்கு. எங்க வச்சிருக்கீங்க? டிவி மேலயா? அப்ப டிவிகிட்டயும் கேளுங்க, அதாவது சாமியாராப் போகட்டும்.”

முதல் வரிசையில் பெரியம்மா தொடையில் தட்டிச் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் “என்னை மாதிரியே, பாரேன்” என்று பெருமையாகக் காட்டினாள்.

“என்னது? எங்க வீட்டு முறை எப்பன்னா கேக்கறீங்க?” நான் ரிப்பனை இழுத்து, இரண்டு பக்கமும் பார்த்து, குரலைத் தாழ்த்தினேன். “நோட்டுல எங்க வீடு இல்லம்மா. எனக்கு இருக்கறது ஒண்ணுதான்.”

சிரிப்பு எழுந்தது. பதினோரு வருஷமாக அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கச் சட்டை அனுப்பிய தாய்மார்கள் எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். பேக்கரிக்காரர் மனைவி சிரித்துக்கொண்டே, “அதானே, அந்தப் படியில டப்பா ஏறி நான் பாத்ததே இல்லையே” என்றாள். அப்புறம் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஏனென்றால் பெரியம்மா நிறுத்திவிட்டாள். ஃபாதர் முதலிலிருந்தே சிரிக்கவில்லை. ஹாலின் பின்பக்கம் மடக்கு நாற்காலியை விரித்துக்கொண்டிருந்த அண்ணன், பாதி விரித்த நாற்காலியோடு அப்படியே நின்றான்.

பெரியம்மா எழுந்தாள். கழுத்திலிருந்த டேப்பை எடுத்து விரலில் சுற்றிப் பைக்குள் போட்டாள். டேப் இல்லாத கழுத்தோடு அன்றுதான் அவளைப் பார்த்தேன். என்னைத் தாண்டும்போது, “நல்லா பேசினே” என்று மட்டும் சொன்னாள். அதில் கிண்டல் இல்லை, கோபம் இல்லை. வாயில் குண்டூசியும் இல்லை. அந்தக் குரலை எனக்கு எடுக்கத் தெரியாது.

எல்லாரும் போன பிறகு அண்ணன் என்னிடம் வந்தான். நாற்காலிகளை அடுக்கியபடியே கேட்டான்.

“நிஜமாவே நோட்டுல நம்ம வீடு இல்லையா?”

“இல்லண்ணா.”

“ஒரு தடவை கூடவா?”

“இல்ல.”

“பந்தியில வீட்டுக்காரங்க கடைசியா உக்காருவாங்க இல்ல? அந்த மாதிரி கடைசியில வச்சிருக்காங்க, ஒவ்வொரு சுற்றும் நம்ம முறை வர்றதுக்குள்ள திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிச்சுடுதுன்னு நினைச்சேன்.” இன்னொரு நாற்காலியை மடக்கினான். அப்போதுதான் நாலு வருஷக் கதையைச் சொன்னான்.

“நீயே சொல்லியிருக்கலாமேண்ணா.”

“ஊர்ல இருக்கற எல்லாப் பசங்களையும் அம்மா கேட்டாங்க. என் தோளையும் வருஷா வருஷம் அளந்தாங்க. என்கிட்ட மட்டும் அந்தக் கேள்வியே வரல. நான் அதுக்கு லாயக்கில்லன்னு நினைக்கறாங்களோன்னு இருந்தேன்.” நாற்காலியை மற்றவற்றின் மேல் சாய்த்தான். “ஃபாதர் போறதுக்குள்ள சொல்லணும். இப்ப எப்படிச் சொல்றது? ஊர் சிரிச்சதோட நானும் சேர்ந்து அவங்களைக் குத்திக் காட்டற மாதிரி இருக்கும்.”

ஒரு பங்குக்கு ஒரு சாமியார் வர இருந்த வழியை, நான் நாலு தீக்குச்சியை வைத்து அடைத்துவிட்டு நின்றேன்.

மறுநாள் தையல் அறைக்குப் போனேன். பெரியம்மா ஒரு கால்சட்டையை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் நிற்கவில்லை.

“பெரியம்மா, மன்னிச்சிடுங்க. நான்...”

“எதுக்கு? நோட்டுல இருக்கறதைத்தானே சொன்னே. இல்லாததையா சொன்னே?”

சாக்குக்கட்டி ஓட்டை வழியாக விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், ஆனால் கோடு போடவில்லை.

“எல்லாரும் என்ன நினைப்பாங்க தெரியுமா? இவளுக்கே நம்பிக்கை இல்ல, ஊரை ஏமாத்தியிருக்கான்னு நினைப்பாங்க. நம்பிக்கை இல்லாதவளா இருந்தா முதல் வாரமே என் வீட்டுக்குத்தான்டி கொண்டு வந்திருப்பேன். ஒண்ணும் நடக்காதுன்னு தைரியமா வச்சிருப்பேன். செபம் கேக்கும்னு எனக்குத் தெரியும். அதான் படி ஏற விடல.”

சாக்குக்கட்டியை மேசையில் வைத்தாள்.

“அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கேக்கறதுக்கு எனக்குக் கூச்சமே வந்ததில்ல. என் பிள்ளையைச் சாமி கேட்டுடுவாரோன்னு நோட்டுல ஒரு வரியை ஒளிச்சு வச்சிருக்கேன். பதினோரு வருஷம். ‘இருக்கறது ஒண்ணுதான்கா’ன்னு சொன்னவளுங்களை எவ்வளவு பேச்சுப் பேசினேன். அவளுங்களாவது வாயைத் திறந்து சொன்னாளுங்க.”

அண்ணன் விஷயத்தை நான் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பேச்சை வெளியே விடாமல் அடக்கினேன். அது அவன் சொல்ல வேண்டியது, அவள் கேட்க வேண்டியது.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மருந்துக்கடைக்காரர் சிலுவை டப்பாவைக் கொண்டுவந்தார். முறைப்படி அடுத்தது வாத்தியார் வீடு. பெரியம்மா எழுந்து போய் அதை வாங்கிக்கொண்டாள். எல்லாரும் பார்க்க நோட்டைப் பெஞ்சில் விரித்து, தன் வீட்டுக் கதவு எண்ணை எழுதினாள். எண் கோணலாகிவிட்டது. வாத்தியாரிடம், “ஒரு வாரம் பொறுத்துக்கோங்க சார். கொஞ்சம் பழைய பாக்கி” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. பேக்கரிக்காரர் மனைவி எழுந்து வந்து, டப்பாவை ஒரு கையால் பிடித்து மாடிப்படி வரைக்கும் கூடவே போனாள்.

“ஏழாம் நாள் நீயும் வா,” என்றாள் பெரியம்மா என்னிடம். “ஆரம்பிச்சு வச்சவ நீதானே.”

சனிக்கிழமை சாயங்காலம் போனேன். வெட்டும் மேசை மேல் கத்தரிக்கோலையும் சாக்குக்கட்டியையும் ஒதுக்கி, நடுவில் சிலுவை. பெரியப்பா வேலையிலிருந்து வந்து கிரீஸ் போகக் கையைக் கழுவிக் கழுவி, போகாமல் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் ஆஸ்பத்திரிச் சட்டையோடு இருந்தான். பெரியம்மா செபத்தை வாசித்தாள். அறுபத்தொரு வீட்டுக்கும் எழுதிக் கொடுத்த செபம், அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் தாளைப் பார்த்துத்தான் வாசித்தாள். ‘எங்கள் வீட்டிலிருந்து’ என்ற இடத்தில் நின்றாள். மறுபடி அந்த வரியின் ஆரம்பத்திலிருந்து வாசித்தாள். மறுபடி அங்கேயே நின்றாள். மூன்றாம் தடவை பெரியப்பா அந்த வரியைச் சொல்லி முடித்தார். அவர் குரல் அந்த அறையில் வேறு யாருக்கோ சொந்தமான குரல் மாதிரி ஒலித்தது.

இனிக் கேட்க வேண்டும். முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம்.

பெரியம்மா மகன் முகத்தைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். பைக்குள்ளிருந்து டேப்பை எடுத்தாள்.

“திரும்பி நில்லு.”

அவன் திரும்பி நின்றான்.

“நிமிரு. மூச்சை விடு.”

தோளின் குறுக்கே டேப்பை வைத்து விரலால் ஓட்டினாள். அந்த அளவு அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். இருந்தும் இரண்டு தடவை ஓட்டினாள்.

“பதினெட்டரை,” என்றாள். கீழே பேக்கரியில் தட்டு அடுக்கும் சத்தம் கேட்டது. “நல்ல தோள்டா இது. போறியா?”

“போறேன்மா.”

“எங்கன்னு கேக்க மாட்டியா?”

“நாலு வருஷமா தெரியும்மா.”

பெரியம்மா டேப்பை எடுக்கவில்லை. மகன் முதுகில் இரண்டு கையையும் வைத்தபடி நின்றாள். பெரியப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “நான் ஒருத்தன் இருக்கேன், என்னையும் கேட்டா என்ன?” என்றார். பதினோரு வருஷத்தில் அவர் அடித்த முதல் ஜோக். சிரிக்கலாமா என்று தெரியாமல் நாங்கள் நாலு பேரும் சிரித்தோம். பெரியம்மா மட்டும் சிரிப்பை முடிக்காமல் முகத்தை அவன் சட்டையில் வைத்துக்கொண்டாள்.

ஃபாதர் கிளம்புவதற்கு முந்தைய நாள் கடிதம் எழுதிக் கொடுத்தார். பெற்றோர் கையெழுத்து இடத்தில் பெரியம்மாவின் எழுத்து கோணல் இல்லாமல் இருந்தது.

சிலுவை இன்றைக்கும் சுற்றுகிறது. நோட்டில் இப்போது அறுபத்திரண்டு வீடு. பையன்களை அளக்கும்போது அவள் எதுவும் கேட்பதில்லை. அதைத் தெரிந்துகொண்டு தாய்மார்கள் மறுபடி பிள்ளைகளையே அனுப்புகிறார்கள். அந்த முதல் வரிப் புலம்பலும் நின்றுவிட்டது. டப்பாவைக் கையில் கொடுக்கும்போது மட்டும் குனிந்துகொண்டு ஒன்று சொல்வாள். “ஏழாம் நாள் கேளுங்க. கேக்கறதுக்கு எனக்குப் பதினோரு வருஷம் ஆச்சு. நீங்க அவ்வளவு எடுத்துக்காதீங்க.” இந்தச் சொல்லுக்குப் பிறகு இரண்டு பையன்கள் குருமடத்துக்கு விண்ணப்பம் வாங்கியிருக்கிறார்கள். ஒருவன் பேக்கரி வீடு. முந்தைய புலம்பல் முழுக்கச் சேர்ந்தும் இவ்வளவு வேலை செய்ததில்லை.

மூன்றாம் வருஷம் குருமடத்திலிருந்து கடிதம் வந்தது. மாணவர்களுக்கு வெள்ளை அங்கி வேண்டும், கழுத்திலிருந்து கணுக்கால் வரை. பெரியம்மா துணியை நனைத்துக் காயவைத்து, கதவு மேசையில் விரித்து, இரண்டு நாள் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் வெட்டினாள். பித்தான் துளை எல்லாம் கையால் போட்டாள். முடிந்ததும் நான் அதை மடிக்க எடுத்தேன். எடையாக இருந்தது. உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கத் தையலிலும் மூன்று அங்குலம் துணி மடிந்திருந்தது. ஸ்கூல் பையனுக்கே அரை அங்குலம்தான் விடுவாள். இதைப் பிரித்தால் தாராளமாக இரண்டு சட்டை தைக்கலாம்.

“என்ன பெரியம்மா இது? அண்ணன் இனிமே வளர மாட்டானே.”

பெரியம்மா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி குத்தி வைக்கும் பஞ்சுப் பொட்டலத்தில் குத்தினாள்.

“அது அவனுக்கு விட்டதில்லடி, எனக்கு விட்டது. அவன் போகட்டும்னு தினமும் செபம் சொல்றேன். வந்துட மாட்டானான்னு உள்ள ஒரு மூலை கேக்குது. வந்தா பிரிச்சுச் சட்டை தச்சுக் குடுக்கலாம்னு அந்த வெக்கங்கெட்ட மூலைக்கு மூணு அங்குலம் மடிச்சு வச்சிருக்கேன். அவன் வரமாட்டான், நல்லா இருப்பான், அது எனக்குத் தெரியும். சாமிக்கும் தெரியும், பாத்துட்டுப் போகட்டும். இப்ப நீயும் பாத்துட்டே. ஹால்ல சொல்லணும்னு தோணுச்சுன்னா சொல்லிக்கோ, ஆனா அன்னைக்கு மாதிரி பாதியில நிறுத்திக் கைதட்டு வாங்காதே, இதையும் சேர்த்து முழுசாச் சொல்லு.”